மூளைக்குள் புலிக்கோடுகள்

நன்றாக நடந்துகொண்டிருந்த குழந்தை, இரண்டு வயதை ஒட்டி அடிக்கடி தடுக்கி விழுகிறது. பிறகு நிற்கவே தடுமாறுகிறது. பேசிய சொற்களும் ஒவ்வொன்றாக மறைகின்றன. திருஷ்டி என்று சுற்றிப் போட்டு நாளைக் கடத்திவிட்டு, நம் ஊர் நிம்ஹான்ஸ் போன்ற மருத்துவமனைக்குப் போனால், எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். எதற்காக?

மூளையின் வெண்பகுதி என்பது நரம்பு இழைகளின் தொகுப்பு. மின்கம்பிக்கு மேலுறை போல ஒவ்வோர் இழைக்கும் மயலின் என்னும் கொழுப்புறை உண்டு. 'மெட்டாகுரோமேட்டிக் லூக்கோடிஸ்ட்ரோபி' என்ற பரம்பரை நோயில் (பெயரைக் கண்டு மிரள வேண்டாம், மருத்துவர்களே எம்.எல்.டி. என்றுதான் சொல்கிறார்கள்) ஒரு நொதி வேலை செய்வதில்லை. அது சிதைக்க வேண்டிய சல்ஃபடைடு என்ற கொழுப்பு தேங்கி, அந்த உறையை அழிக்கிறது.

உறை அழிந்த இடத்தில் நீர் கூடும். நீரைக் காட்டிக்கொடுப்பதில் எம்.ஆர்.ஐ. கெட்டிக்காரக் கருவி. கருமையாகத் தெரிய வேண்டிய வெண்பகுதி, 'டி-2' வகைப் படத்தில் இருபுறமும் ஒரே மாதிரி வெளுத்துத் தெரியும். இரத்தக் குழாய்களை ஒட்டி உறை கொஞ்சம் எஞ்சியிருப்பதால், நடுநடுவே புலித்தோல் போலக் கருங்கோடுகள் ஓடும். வேறு சில நோய்களிலும் இக்கோடுகள் வரலாம். ஆகவே இரத்தத்தில் நொதி, சிறுநீரில் சல்ஃபடைடு, மரபணு ஆகியவற்றையும் பார்த்தே முடிவு சொல்வார்கள். நொதி குறைந்தும் நலமாக வாழ்பவர்கள் உண்டு; ஒரு சோதனையை மட்டும் நம்பக்கூடாது.

பெற்றோர் இருவரும் பழுதான மரபணுவைச் சுமந்தால்தான் இந்நோய் வரும். அவர்கள் நலமாகவே இருப்பார்கள். ஆனால் ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. மாமன், அத்தை மக்களை மணக்கும் வழக்கம் நமக்கும் கன்னடியர்க்கும் பொது. கர்நாடகத்தில் பிறந்த குழந்தைகளை ஆராய்ந்து ராதா ராமா தேவி, அப்பாஜி ராவ், பிட்டில்ஸ் ஆகியோர் 1987-இல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் ஒரு குழந்தை உறவுத் திருமணத்தில் பிறந்ததாகத் தெரிந்தது. அதற்காக மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் குறைசொல்லிப் பயனில்லை. பழுது இரு பக்கமும் இருந்திருக்கிறது.

மூத்த குழந்தைக்கு நோய் உறுதியானால், இளையதற்கும் உடனே சோதனை செய்யவேண்டும். தொடக்கத்தில் எம்.ஆர்.ஐ. படம் சரியாகவே இருக்கலாம். அதைப் பார்த்து நிம்மதி கொள்ளலாகாது. இரத்தச் சோதனை அவசியம். ஏனென்றால் 2020-இல் ஐரோப்பாவிலும் 2024-இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்ற மரபணுச் சிகிச்சை, அறிகுறி தோன்றுமுன் செய்தால்தான் நன்கு பலன் தருகிறது. அமெரிக்காவில் அதன் விலை 42.5 லட்சம் டாலர்! நம்மவர்க்கு இப்போதைக்குக் கைக்கெட்டும் வழி, குடும்பத்தின் மரபணுப் பழுதை முதலில் கண்டறிந்துகொண்டு, அடுத்த கருவை மூன்றாம் மாதத்துக்குள் சோதிப்பதே.