காற்றுக்கும் கூலி!

வெளிநாட்டுக் குளிர் கோட்டு வாங்குவோர் கவனிக்க

நம் ஊரில் ஜாக்கெட் என்றால் ரவிக்கை. மேல்நாட்டில் ஜாக்கெட் என்றால் குளிருக்குப் போடும் கோட்டு.

மகன் லடாக்கில் வேலைக்குப் போகிறான். பெரியவர்கள் இமயமலைக்கு யாத்திரை போகிறார்கள். கோட்டு வேண்டும். இப்போது வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுக் கடைகளில் படம் பார்த்து வாங்கி விடலாம்.

படத்தில் கோட்டு அழகாகத்தான் இருக்கும். வந்த பிறகு தோளில் ஏறாவிட்டால்? திருப்பி அனுப்பும் கூலி பெரும்பாலும் வாங்கியவர் தலையில்தான் விழும்!

ஆகவே, பணம் கட்டுவதற்கு முன் மூன்றைப் பாருங்கள்: அளவு, துணி, எடை.

38-ம் 48-ம் ஒன்று

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஆண்கள் கோட்டில் 38 என்று இருந்தால், அது 38 அங்குல மார்பு உள்ளவருக்கு உரியது. அதே அளவுக்கு ஜெர்மனியிலும் இத்தாலியிலும் 48 என்று போடுவார்கள். மார்பளவை சென்டிமீட்டரில் எடுத்து, அதில் பாதியைச் சொல்வது அவர்கள் வழக்கம்.

எண்ணை மட்டும் நம்பாதீர்கள். உங்களுக்குப் பொருந்தும் கோட்டு ஒன்றைப் பொத்தான் போட்டு மேசையில் விரியுங்கள். ஒரு அக்குளில் இருந்து மறு அக்குள் வரை அளந்து, இரண்டால் பெருக்குங்கள். கடைக்காரரிடமும் அவருடைய கோட்டை இப்படியே அளந்து சொல்லச் சொல்லுங்கள்.

தோள் அளவையும் கேளுங்கள். கை நீளமாக இருந்தால் தையற்காரர் குறைத்துத் தருவார். தோளைத் திருத்துவது எளிதல்ல.

உள்ளே என்ன?

மேல் துணி, உள் துணி, உள்ளே அடைத்திருப்பது ஆகிய மூன்றையும் தனித்தனியே கேளுங்கள்.

வாத்து இறகுப் பஞ்சு லேசானது. நல்ல கதகதப்புத் தரும். ஆனால் நனைந்தால் பயன் இல்லை. கம்பளி கனமானது. ஈரமானாலும் ஓரளவு சூடு காக்கும். பருத்தி நனைந்தால் லேசில் காயாது.

"பி.யூ. தோல்" என்று இருந்தால் அது மாட்டுத் தோல் என்று எண்ணி விடாதீர்கள். துணி மீது பிளாஸ்டிக் பூசியது அது. நாளாவட்டத்தில் உரியும்.

பெட்டியின் கணக்கு

கோட்டின் எடை ஒன்றரை கிலோதான். ஆனால் 8 கிலோவுக்குக் கூலி கேட்கிறார்கள். ஏன்?

விமானத்தில் இடத்துக்கும் விலை உண்டு. பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி, 5,000-ஆல் வகுப்பது பல கூரியர் கம்பெனிகளின் வழக்கம். அப்படி வரும் கிலோ, உண்மையான எடை, இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கூலி.

50, 40, 20 சென்டிமீட்டர் பெட்டி என்றால் 8 கிலோ! அதே கோட்டைக் காற்றை அழுத்தி வெளியேற்றி, 40, 30, 10 சென்டிமீட்டர் பொட்டலமாகக் கட்டினால் 2.4 கிலோதான்.

இன்னொன்று. நம் நாட்டில் சுங்க வரிக்கு, கோட்டின் விலையோடு அது வந்து சேரும் கூலியையும் சேர்த்தே கணக்கிடுகிறார்கள். கூலி ஏறினால் வரியும் ஏறும்.

ஆகவே, "கட்டிய பொட்டலத்தின் நீளம், அகலம், உயரம் என்ன?" என்று முதலில் கேளுங்கள். பிறகு பணம் கட்டுங்கள்.