படமும் பழியும்

ஓவியன் ஒருவன் இல்லாத மரத்தை இருப்பதாக வரைந்தால், அதைக் கற்பனை என்று பாராட்டுகிறோம். புகைப்படக் கலைஞன் அதையே செய்தால், ஏமாற்று என்று ஏசுகிறோம். ஒரே செயலுக்கு ஓரிடத்தில் புகழ், மற்றோரிடத்தில் பழி. இந்த வேறுபாடு எதனால் வந்தது? ஓவியத்தை ஒருவர் உள்ளத்தில் தோன்றியது என்று கொள்கிறோம். புகைப்படத்தையோ கண்முன் நடந்தது என்று நம்புகிறோம். புகைப்படக் கலையின் வலிமை முழுவதும் அந்த நம்பிக்கையில் இருக்கிறது. அதன்மேல் காலந்தோறும் விழுந்து வரும் பழிகளுக்கும் அந்த நம்பிக்கையே ஊற்றுக்கண்.

மாணவ நண்பர்களே, ஒரு படத்தைப் பற்றி ஊர் இரண்டுபட்டு நிற்பதை நீங்கள் அடிக்கடி காண்கிறீர்கள். இணையத்தில் ஒரு படம் காலையில் வெளியாகிறது. மாலைக்குள் அதை வாழ்த்துவோரும் வைவோரும் அணி வகுத்துவிடுகிறார்கள். இது புதுமை என்று எண்ணவேண்டாம். கருவி புதிது, பூசல் பழையது. அந்தப் பூசல் நடந்து வந்த வழியைச் சிறிது திரும்பிப் பார்த்தால், நாம் கேட்கத் தவறிய கேள்வி ஒன்று அங்கே கிடக்கக் காண்போம்.

1857-ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் மாபெரும் கலைக் கண்காட்சி ஒன்று நடந்தது. அங்கே ஆஸ்கர் ரெய்லாண்டர் என்பவரின் படம் ஒன்று வைக்கப்பட்டது. அவர் சுவீடன் நாட்டில் பிறந்து இங்கிலாந்தில் குடியேறியவர். ‘வாழ்வின் இருவழிகள்’ என்பது படத்தின் பெயர். நடுவில் ஒரு முதியவர். அவருக்கு இருபுறமும் இரண்டு இளைஞர்கள். ஒருவன் கல்வி, உழைப்பு, இறைவழிபாடு என்னும் நல்வழியில் செல்கிறான். மற்றவன் சூது, குடி, காமம் என்னும் தீயவழியை நோக்குகிறான். இத்தனை மனிதரையும் ஒரே நேரத்தில் நிறுத்திப் படம் பிடிக்க அந்நாளைய காமிராவால் இயலாது. ஆகையால் ரெய்லாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட நெகடிவ்களைத் தனித்தனியே எடுத்து, ஒன்றன்பின் ஒன்றாகத் தாளில் பதித்து, ஒரே காட்சியாகச் சேர்த்தார்.

தீயவழிப் பக்கத்தில் ஆடையற்ற பெண்களின் உருவங்கள் இருந்தன. ஐரோப்பிய ஓவியங்களில் அத்தகைய உருவங்களை மக்கள் பல நூற்றாண்டுகளாகப் பார்த்து வந்தவர்களே. ஆயினும் எடின்பரோவில் இருந்த ஸ்காத்லாந்துப் புகைப்படச் சங்கத்தார் இந்தப் படத்தைத் தங்கள் கண்காட்சியில் வைக்க மறுத்துவிட்டனர். ஓவியத்திலே காண்பது எவளோ ஒரு தேவதை. படத்திலே காண்பதோ இன்ன தெருவில் வாழும் இன்ன பெண் என்ற எண்ணம் அவர்களை உறுத்தியது. மறுபுறம், விக்டோரியா மகாராணியாரே அப்படத்தின் பிரதி ஒன்றை விலைகொடுத்து வாங்கினார். அரண்மனைக்கு ஏற்ற படம் ஒரு சங்கத்தின் சுவருக்கு ஏற்கவில்லை!

அடுத்த ஆண்டு, 1858-இல், ஹென்றி பீச் ராபின்சன் என்ற மற்றொரு கலைஞர் ஐந்து நெகடிவ்களைச் சேர்த்து ஒரு படம் செய்தார். எலும்புருக்கி நோயால் உயிர் மங்கிக்கொண்டிருக்கும் ஓர் இளம்பெண். அருகே துயரத்தோடு இரு பெண்கள். சன்னலண்டை முதுகைக் காட்டி நிற்கும் ஓர் ஆடவர். அந்த நோய் புகாத வீடு அரிதாயிருந்த காலம் அது. ஒரு குடும்பத்தின் தனித்துயரத்திற்குள் காமிராவை நுழைக்கலாமா என்று பலர் சினந்தனர். உண்மையில் அந்தப் பெண் நோயாளியே அல்லள். சொன்னபடி சாய்ந்து கிடந்த நலமான சிறுமி. இது தெரிந்தபின் குற்றச்சாட்டு மாறியது, பழி மாறவில்லை. ‘இரக்கமில்லாதவர்’ என்று முன்னே வைதனர். ‘பொய்யர்’ என்று பின்னே வைதனர். ஒரு படம் மெய்யாக இருந்தாலும் குற்றம், பொய்யாக இருந்தாலும் குற்றம் என்னும் விந்தை நிலை அன்றே தோன்றிவிட்டது.

இவ்விரு படங்களைப் பற்றிய பூசலிலும் எழுந்த கேள்விகள் இரண்டே. ஒன்று, இது மெய்யா? மற்றொன்று, இது பார்க்கத் தகுந்ததா? இரண்டும் பார்ப்பவர்களாகிய நம்மைப் பற்றிய கேள்விகள். நாம் ஏமாந்தோமா, நம் மனம் புண்பட்டதா என்பதே கவலை. படத்திற்குள் நிற்பவரைப் பற்றி எவரும் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை உலகின் முன் வைத்த படம் ஒன்று உண்டு. அது அமெரிக்க நாட்டில் எடுக்கப்பட்டது.

1936-ஆம் ஆண்டு மார்ச் மாதம். கலிபோர்னியா மாநிலத்தில் நிப்போமோ என்னும் ஊருக்கருகே, பட்டாணி பறிக்க வந்த கூலிமக்கள் கூடாரமடித்துத் தங்கியிருந்தனர். கடும்பனியால் பயிர் கருகிவிட்டது, வேலை இல்லை, ஆகவே உணவும் இல்லை. அரசாங்கத்தின் மீள்குடியேற்ற நிறுவனத்திற்காகப் படம் எடுத்து வந்த டொரோத்தியா லேங்கு என்ற அம்மையார் அவ்வழியே காரில் சென்றார். முகாமின் பெயர்ப்பலகையைக் கண்டும் நிற்காமல் இருபது மைல் சென்றுவிட்டார். பிறகு மனம் கேளாமல் திரும்பி வந்தார். அங்கே ஒரு தாய், குழந்தைகள் சூழ, கிழிந்த கூடாரத்தின் வாயிலில் அமர்ந்திருந்தாள். லேங்கு சில படங்களே எடுத்தார். கடைசிப் படத்தில், இரண்டு குழந்தைகள் முகத்தை மறைத்துத் தாயின் தோளில் சாய்ந்திருக்க, கைக்குழந்தை மடியில் உறங்க, அவள் கன்னத்தில் விரல் ஊன்றித் தொலைவில் எங்கோ பார்க்கிறாள். ‘இடம்பெயர்ந்த தாய்’ என்று உலகம் அறிந்த படம் அதுதான்.

அந்தச் சந்திப்பில் எடுத்த படங்கள் சான்பிரான்சிஸ்கோ நாளேடு ஒன்றில் வெளிவந்தன. அரசாங்கம் விழித்துக்கொண்டு 20,000 பவுண்டு உணவை அம்முகாமுக்கு அனுப்பியது. பட்டினி கிடந்தோர் உண்டனர். ஒரு கலைப்படைப்பு இதைவிட வேறென்ன நன்மை செய்யக்கூடும்? இந்த நன்மையை நான் சிறிதும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆயினும் கதை அங்கே முடியவில்லை.

அந்தத் தாயின் பெயரை லேங்கு கேட்கவில்லை. வயது முப்பத்திரண்டு என்பதை மட்டும் தெரிந்துகொண்டார். பெயரையும் வரலாற்றையும் தாம் கேட்கவில்லை என்று அவரே 1960-இல் எழுதினார். அவள் பெயர் ஃபிளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன். அமெரிக்கப் பழங்குடியான செரோக்கி இனத்தவள். நாடோ அவளை நிலமிழந்த வெள்ளைக்கார உழவர்களின் அன்னையாகக் கண்டு உருகியது. உணவு முகாமை அடையும் முன்பே அவள் குடும்பம் வேலை தேடி வேறிடம் சென்றுவிட்டது. காரின் டயர்களை விற்று உணவு வாங்கினார்கள் என்று லேங்கு எழுதியிருந்தார். அப்படி எதுவும் நடக்கவில்லை என்று பிற்காலத்தில் பிள்ளைகள் மறுத்தனர். படத்தின் ஓரத்தில், கூடாரக் கம்பைப் பற்றியிருந்த பெருவிரல் ஒன்று தெரிந்தது. அது அழகைக் கெடுப்பதாகக் கருதிய லேங்கு, 1939-இல் நெகடிவிலேயே அதை மங்கச் செய்தார்.

நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1978-இல் மொடெஸ்டோ என்ற ஊரில் அந்தத் தாயைச் செய்தியாளர் ஒருவர் கண்டுபிடித்தார். ‘அந்தப் படத்தை எடுக்காமலே இருந்திருக்கலாம், எனக்கு அதனால் ஒரு காசும் கிடைக்கவில்லை, என் பெயரையும் கேட்கவில்லை’ என்னும் கருத்துப்பட அவர் பேசினார். இங்கே லேங்குக்கும் நீதி வழங்கவேண்டும். படம் அரசாங்கத்தின் உடைமை. அதன் விற்பனையால் லேங்கும் பொருள் ஈட்டவில்லை. அவர் 1965-இலேயே மறைந்துவிட்டதால், இந்த மனக்குறைக்கு விடை சொல்லவும் அவர் இல்லை. 1983-இல் அந்த அம்மையார் நோயுற்றபோது பிள்ளைகள் பொதுமக்களிடம் உதவி கேட்டனர். அந்த முகத்தைப் படத்தில் கண்டு பழகிய மக்கள் ஆயிரக்கணக்கான டாலர்களையும் கட்டுக்கட்டாகக் கடிதங்களையும் அனுப்பினர். அக்கடிதங்களைப் படித்தபின், தங்களுக்குச் சுமையாயிருந்த படத்தைப் பிள்ளைகள் சிறிது பெருமையோடும் பார்க்கத் தொடங்கினர். அதே ஆண்டில் அவர் காலமானார். அவருடைய கல்லறைக் கல்லில், அவர் வெறுத்த அந்தப் படத்தின் பெயரே பொறிக்கப்பட்டிருக்கிறது.

இந்த வரலாற்றில் தீயவர் என்று எவரையும் சுட்ட முடியாது. சுட்ட முடியாமையினால்தான் இது நம் சிந்தனைக்கு உரியது. படம் நல்லது, நோக்கம் நல்லது, பயனும் நல்லது. இவற்றுக்கு நடுவே ஒரு பெண்ணுக்குத் தன் முகத்தின்மேல் இருந்த உரிமை போய்விட்டது.

சட்டம் இதற்குத் துணை செய்யாதா என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் ஒரு சான்று உண்டு. 2013-ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் ஆர்னே ஸ்வென்சன் என்ற கலைஞர் ‘அண்டை வீட்டார்’ என்னும் படவரிசையைக் கண்காட்சியில் வைத்தார். தம் வீட்டுச் சன்னலில் நின்று, எதிரேயிருந்த கண்ணாடிச் சுவர் மாளிகையில் வாழ்வோரைத் தொலைநோக்கு லென்சினால் எடுத்த படங்கள் அவை. உறங்குவோர், உண்போர், தரையைத் துடைப்போர் எனச் சாதாரண வாழ்வின் காட்சிகள். பெரும்பாலும் முகம் தெரியாதவை. பழைய ஓவியங்கள்போல் அமைதி நிறைந்தவை. அங்கே வாழ்ந்தவர்களோ திடுக்கிட்டனர். தம் குழந்தைகளை அடையாளம் காணமுடிகிறது என்று ஒரு பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. 2015-இல் மேல்முறையீட்டு மன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. கலைப்படைப்புக்கு அந்நாட்டு அரசியலமைப்பு தரும் காப்பு இதற்கும் உண்டு என்றனர் நீதிபதிகள். ஆனால் இத்தகைய நுழைவு கவலைக்குரியது என்பதையும் மறைக்கவில்லை. வேறு பரிகாரம் வேண்டுமானால் அதைச் சட்டமன்றமே வகுக்கவேண்டும் என்றனர். சட்டம் தடுக்காதது எல்லாம் தகும் என்று பொருளாகிவிடுமா? சட்டம் நிற்கும் இடத்திற்கு அப்பாலும் சிறிது தூரம் மனச்சான்று நடக்கவேண்டியிருக்கிறது.

இதை நான் பிறர் கதைகளிலிருந்து மட்டும் கற்கவில்லை. கல்லூரியில் படித்த நாளில், ஊருக்கு வெளியே இருந்த சுண்ணாம்புக் காளவாயில் ஒரு மூதாட்டியைப் படம் எடுத்தேன். புகைக்கு நடுவே அவர் முகம். கன்னத்தில் வழியும் நீர். ‘கண்ணீர்’ என்று பெயரிட்டுக் கல்லூரிக் கண்காட்சிக்கு அனுப்பினேன், முதற்பரிசு கிடைத்தது. ஒரு சாரார் கலை என்றனர். மற்றொரு சாரார், வறுமையை விற்றுப் பரிசு வாங்குகிறான் என்றனர். படத்தின் கீழே பென்சிலால் எழுதி எழுதிச் சண்டையிட்டனர். எனக்கு அந்தச் சண்டையும் பெருமையாகவே இருந்தது.

மூன்றாம் நாள், முதலாண்டு மாணவன் ஒருவன் என்னிடம் தயங்கித் தயங்கி வந்தான். “அண்ணே, அது எங்க ஆத்தா. அவங்க அழல. புகை பட்டா யார் கண்ணுலயும் தண்ணி வரும்” என்றான்.

என்னைப் புகழ்ந்தவர், இகழ்ந்தவர் என்ற இரு சாராருமே அவர் அழுததாகத்தான் நம்பினார்கள். படத்தில் பொய் இல்லை. நான் இட்ட பெயரில் பொய் இருந்தது. வெட்கத்தோடு படத்தை எடுத்துக்கொண்டு அந்த மூதாட்டியின் வீட்டிற்குச் சென்றேன். அவர் அதை வெகுநேரம் பார்த்தார். “இப்படிக் கந்தலோடயா எடுப்பாங்க, தம்பி? இரு, தலையை வாரிக்கிட்டு வரேன்” என்று உள்ளே போனார். நல்ல சேலை உடுத்து, பேரனைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, விறைப்பாக நின்றார். அந்தப் படத்தையும் எடுத்தேன். கலை என்று பார்த்தால் முதற்படமே சிறந்தது. இன்றும் அப்படியே சொல்வேன். ஆனால் அவர் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொண்டது இரண்டாவது படத்தைத்தான்.

இன்று மனிதர் இல்லாமலே மனித முகங்களை ஆக்கும் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. 2023-இல் போரிஸ் எல்டாக்சன் என்ற ஜெர்மானியக் கலைஞர், அவ்வாறு ஆக்கிய படம் ஒன்றுக்கு உலகப் புகைப்படப் போட்டியில் கிடைத்த பரிசை ஏற்க மறுத்தார். இது புகைப்படம் அன்று. இந்த வேறுபாட்டை நீங்கள் விவாதிக்கவேண்டும் என்பதற்காகவே அனுப்பினேன் என்றார். ரெய்லாண்டரின் முப்பது நெகடிவ்கள் கிளப்பிய கேள்வி புது உருவில் மீண்டும் எழுந்திருக்கிறது. ‘இது மெய்யா?’ என்று இனி ஒவ்வொரு படத்தையும் கேட்டாக வேண்டும்.

கேளுங்கள். ‘இது தகுமா?’ என்றும் கேளுங்கள். கலைஞனைக் குறைகூற உங்களுக்கு உரிமை உண்டு. கலைஞனுக்கும் உங்களை உறுத்த உரிமை உண்டு. உறுத்தாத கலை வெறும் சுவர் அலங்காரமாகிவிடும். ஆனால் வாழ்த்தவோ வையவோ விரைவதற்கு முன்னால், அந்தப் படத்தில் இருப்பவர் யார், அவர் என்ன சொல்கிறார் என்று ஒரு நொடி எண்ணிப் பாருங்கள். பல படங்களில் அதற்கு விடை கிடைக்காது. விடை கிடைக்கவில்லை என்பது தெரிந்தாலே நம் சொல்லில் ஓர் அடக்கம் வந்துவிடும். உங்கள் கையிலும் காமிரா இருக்கிறது. நாளை நீங்கள் ஒருவரைப் படம் எடுக்கும்போது, முடியுமானால், அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.