புண்ணில் ஒட்டாத மருந்துத்துணி

விளையாட்டிடத்திலே வழுக்கி விழுந்து முழங்காற்றோல் உரிந்த மாணவனுக்கு, முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு கோஸ் துணியை எடுத்து வைத்துக் கட்டிவிடுகின்றோம். விழுந்தபோது அழாத பிள்ளையும் இரண்டு நாள் கழித்து அத்துணியை உரிக்கும்போது அழுதுவிடுகின்றான். இவ்வலி இயல்பானதே எனப் பலர் எண்ணுவர். ஆயின், துணியோடு உரிந்து வருவது வெறும் அழுக்கன்று; அவ்விரண்டு நாளிலும் உடல் அரிதின் முயன்று ஆக்கிய புதுத்தோலும் அதனோடு வருகின்றது. இக்கேட்டினைத் தவிர்த்தற்கு எழுந்ததே ஒட்டாத மருந்துத்துணி. அதன் இயல்பினையும், அதன்கண் மருந்து பெறும் இடம் யாதென்பதனையும் ஈண்டு ஆராய்வாம்.

தோல் உரிந்த இடத்திலிருந்து குருதியும் தெளிந்த ஒரு நீரும் கசிகின்றன. அக்கசிவிலே தோன்றும் பைபிரின் என்னும் புரதம் நூல்நூலாகத் திரளும் இயல்பினது. கோஸ் என்பது ஈரத்தை உறிஞ்சும் ஐதான பருத்தித்துணியாதலின், கசிவு அதன் இழைகளினூடே புகுந்து, காய்ந்து, பசைபோல் இறுகிவிடுகின்றது. புண்ணின் அடியிலிருந்து மேலெழும் செந்நிறப் புதுத்தசையும் அதன் நுண்ணிய குருதிக்குழாய்களும் துணியின் கண்களுக்குள்ளே வளர்ந்து அதனைப் பற்றிக்கொள்வதும் உண்டு. பின்னர்த் துணியை இழுத்தால் அவை அறுந்து குருதி பெருகும். ஆறத் தொடங்கிய புண் மீண்டும் பச்சைப்புண் ஆகும்.

புண் காற்றுப்பட்டு உலர்ந்து அயறு கட்டினாற்றான் ஆறும் என்பது நெடுநாளைய கொள்கை. இங்கிலாந்தில் ஆய்வு நிகழ்த்திய ஜோர்ஜ் விண்டர் என்பவர் 1962ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிபு இக்கொள்கையைப் பெரிதும் அசைத்தது. அவர் பன்றிகளின் தோலில் ஆழமில்லாத புண்களை உண்டாக்கி, சிலவற்றை மெல்லிய பொலித்தீன் தாளால் மூடினார். ஏனையவற்றைத் திறந்தபடி விட்டார். மூடிய புண்களின்மேல் தோல் ஏறத்தாழ இருமடங்கு விரைவிற் படர்ந்தது. காரணம் எளிது. தோற்கலங்கள் புண்ணின் ஓரத்திலிருந்து நடுநோக்கி நகர்ந்தே அதனை மூடுகின்றன. ஈரமான தளத்தில் அவை தடையின்றி வழுக்கிச் செல்லும். அயறு கட்டிய புண்ணிலோ, உலர்ந்த பொருக்கின் அடியே வழிகுடைந்து செல்லவேண்டும்.

இவ்வுண்மை ஆய்வினால் தெளிவாவதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகவே ஒட்டாத துணி வழக்கிற்கு வந்துவிட்டது. அதனை ஆக்கியவர் பிரான்சு தேசத்து லியோன் நகரைச் சேர்ந்த ஓகுஸ்த் லூமியேர். 1895இற் பாரிசு நகரத்திலே அசையும் படத்தைப் பொதுமக்களுக்குக் காட்டிய லூமியேர் சகோதரருள் மூத்தவர் இவரே. படத்தொழிலால் மட்டுமே அவரை அறிந்தோர்க்கு இது வியப்பாயிருக்கும். அவர் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியை மருத்துவ ஆராய்ச்சியிலே கழித்தவர். முதலாம் உலகப்போர்க் காலத்தில் (1914-1918) காயமுற்ற போர்வீரர் படும் துன்பத்தைக் கண்டு, அகன்ற கண்களையுடைய வலைத்துணியிலே மென்பரபினை ஊட்டி அவர் ஒரு துணியை ஆக்கினார். மென்பரபின் என்பது நம் வீடுகளில் வசலீன் என வழங்கும் பொருளேயாம். 'தூல் கிரா' என்பது அத்துணியின் பிரெஞ்சுப் பெயர். பிசுக்கூட்டிய வலை என்பது அதன் பொருள். பிசுக்கு, இழைகள் புண்ணிற் பற்றுதலைத் தடுக்கின்றது. வலையின் கண்கள் கசிவை மேலே வைத்த பஞ்சணைக்குச் செல்லவிடுகின்றன.

இதன் அருமை தீக்காயத்திலே தெளிவாகப் புலப்பட்டது. 1925 முதல் தீப்புண்களின்மேல் தனிக்கமிலத்தைப் பூசித் தோலைப் பதனிட்டாற்போல் இறுகச் செய்யும் முறை பரவியிருந்தது. இரண்டாம் உலகப்போரில் முகமும் கையும் வெந்த விமானிகள் இங்கிலாந்தின் ஈஸ்ற் கிறின்ஸ்ரெட் வைத்தியசாலைக்குக் கொணரப்பட்டனர். இறுகிய அவ்வோட்டின் அடியிலே விரல்கள் முடங்கிப்போதலைக் கண்ட வைத்தியர் ஆச்சிபோல்ட் மக்கின்டோ தனிக்கமிலத்தைக் கடுமையாக எதிர்த்து, உப்புநீர்க் குளிப்பையும் தூல் கிராத் துணியையும் மேற்கொண்டார். 1942 நவம்பர் 28ஆம் நாள் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரத்துக் களியாட்ட மண்டபமொன்றில் மூண்ட தீ 492 உயிர்களைக் கொண்டது. அப்போது மசசூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் ஒலிவர் கோப் முதலிய வைத்தியர் போரிக்கமிலம் கலந்த வசலீன் துணியை வைத்துக் கட்டி, புண்களை அடிக்கடி கிளறாது விட்டனர்.

இனி, துணியில் ஊட்டிய மருந்தைப்பற்றிச் சில கூறுவாம். லூமியேரின் துணியில் பெருவியன் பல்சம் என்னும் மரப்பிசின் சேர்ந்திருந்தது. அது பலருடைய தோலில் ஒவ்வாமையை உண்டாக்குவது பின்னர் அறியப்பட்டது. போரிக்கமிலம் புண்வழியே உடலிற் புகுந்து நஞ்சாகக் கூடியதென்பதும் தெரியவந்தது. நுண்ணுயிர்கொல்லியாகிய பிரமைசெற்றின் ஊட்டிய துணியும் ஒவ்வாமைக்கு இடமளிப்பதன்றி, பரந்த புண்களில் இடப்படின் செவிப்புலனையும் ஊறுபடுத்தலாம். குளோரெக்சிடீன் ஊட்டிய துணியும் பொவிடோன் அயடீன் ஊட்டிய துணியும் இன்று பெரிதும் வழங்குகின்றன. பின்னதில் ஒரு வசதி உண்டு: அயடீன் தீர்ந்ததும் துணியின் செம்மஞ்சள் நிறம் வெளுத்துவிடும், மாற்றவேண்டிய காலத்தை அது தானே அறிவிக்கும். எனினும், தைரொயிட் நோயுடையோரும் கருவுற்றோரும் வைத்தியரைக் கேளாது அதனைப் பயன்படுத்தலாகாது. மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோக, பிசுக்கூட்டிய வலை மட்டும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலைத்திருத்தல் கருதத்தக்கது. கிருமி பற்றாத சிறு புண்ணுக்கு மருந்தில்லாத வெறும் பரபின் துணியே போதும் என்பது என் கருத்து. எரிந்தாற்றான் மருந்து வேலைசெய்யும் என்று பச்சைப்புண்ணில் ஸ்பிரிற்று ஊற்றும் வழக்கத்தைப்பற்றி யான் கூறவும் வேண்டுமோ!

பயன்படுத்தும் முறை கடினமன்று. கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவியபின், புண்ணைச் சுத்தமான ஓடுநீராற் கழுவி மண்ணையும் துகளையும் அகற்றுக. தீப்புண்ணாயின் முதலில் இருபது நிமிடம் குளிர்நீர் ஓடவிடல் வேண்டும். வெப்பம் தணியுமுன் எவ்வகைப் பிசுக்கையும் இடலாகாது. பின்பு புண்ணின் அளவுக்கு வெட்டிய துணியைப் பரப்பி, அதன்மேல் உறிஞ்சும் பஞ்சணையை வைத்து, இறுக்காமற் கட்டுக. பஞ்சணையை மறந்தால் கசிவு தேங்கிச் சுற்றுத்தோல் வெளிறி ஊறிப்போம். கசிவு மிகுதியாயின் நாடோறும், குறைவாயின் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை மாற்றலாம். ஒட்டாத துணி என்னும் பெயரை நம்பி நெடுநாள் விடின், பரபின் வற்றி அதுவும் ஒட்டும். அவ்வாறு ஒட்டினால், கொதித்தாறிய உப்புநீரால் நனைத்துச் சிறிது பொறுத்திருந்து மெல்ல எடுக்கவேண்டும்.

ஆழ்ந்த வெட்டு, நாய்க்கடி, துருப்பிடித்த இரும்பாலான குத்து, சீழ் கட்டிய புண் ஆகியன வைத்தியரிடம் காட்டத்தக்கன. ஏற்புவலித் தடுப்பூசி வேண்டுமோ என்பதையும் அவரே முடிவுசெய்வார். நீரிழிவு உடையோரின் காற்புண் எத்துணைச் சிறிதாயினும் இவ்வகையுள்ளே அடங்கும். அந்நோயால் நரம்பு மரத்த பாதத்திலே வலி தோன்றாது. துணி ஒட்டியதையும், இழுத்தபோது தோல் கிழிந்ததையும் அவர் உணரார். ஆதலால் அத்தகையோரின் கட்டை அவிழ்ப்பவர், வலிக்கின்றதா என வினவுதலோடு நில்லாது, துணியின் அடிப்புறத்தையும் புண்ணின் ஓரத்தையும் ஒவ்வொரு முறையும் கண்ணாற் பார்த்தல் வேண்டும்.