ஸஹருக்கும் மஃரிபுக்கும் நடுவே

நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 8 பாகை வடக்கே இருக்கிறது கற்பிட்டி. அதனால் ரமழான் எந்த மாதத்தில் வந்தாலும் புத்தளக் கரையில் நோன்பு 13 மணித்தியாலத்துக்கும் 14 மணித்தியாலத்துக்கும் இடையில்தான். ஐரோப்பாவின் வடக்கில் கோடை நோன்பு பிடிப்பவர்களோடு பார்த்தால் நமக்கு இலேசு. ஆனாலும் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு அஸருக்குப் பிந்திய நேரம் லேசுப்பட்டதல்ல. காரணம் ஈரலில் இருக்கிறது.

ஸஹரில் சாப்பிட்டது சில மணித்தியாலங்களில் தீர்ந்துவிடும். பிறகு ஈரல், தான் சேமித்து வைத்த கிளைக்கோஜனை உடைத்துக் குளுக்கோசை இரத்தத்தில் விடும். பின்னேரமாகும்போது அந்தச் சேமிப்பும் வற்றத் தொடங்க, உடம்பு கொழுப்பின் பக்கம் திரும்பும். சுகதேகியின் சதையி இதற்கேற்ப இன்சுலினைக் குறைத்துக்கொள்ளும். கிளிபென்கிளமைட் போன்ற குளிசை போட்டவருக்கு அந்த வசதி இல்லை. வயிறு காலியா நிறைவா என்று பாராமல் அது சதையியைப் பிழிந்துகொண்டேயிருக்கும். மெட்போமின் மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பயம் குறைவு. 13 நாடுகளில் 12,243 பேரிடம் 2001இல் நடந்த எபிடியார் ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவுக்காரருக்குக் கடுமையான சீனித் தாழ்வு ரமழானில் ஏழரை மடங்காகியிருந்தது.

நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதை வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. அதே ஆய்வில் இரண்டாம் வகைக்காரரில் 79 வீதமானோர் குறைந்தது 15 நாள் நோன்பு பிடித்திருந்தார்கள். ஆகவே பிடிக்கவே கூடாது என்று சொல்லிவிட்டுப் போவதில் அதிகம் பலனில்லை.

போன் உதவக்கூடிய இடம் இதுதான். ஆனால் மருந்தை நினைவூட்டும் செயலி, முன்பு குறித்துக் கொடுத்த நேரத்துக்கே மணி அடிக்கும். நோன்பு மாதத்திலும் காலை எட்டு மணிக்குக் குளிசை போடச் சொல்லும். அப்போது வாயில் தண்ணீர்கூடப் படாது. செயலியில் நேரத்தை மாற்றுவது வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு நிமிட வேலை. எந்தக் குளிசையை எவ்வளவு, ஸஹருக்கா நோன்பு திறந்த பிறகா என்று தீர்மானிப்பது கிளினிக் டொக்டரின் வேலை. அதற்கு ரமழானுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பே போகவேண்டும்.

ஸ்மார்ட்போன் இல்லையென்றாலும் பரவாயில்லை. மேற்கு ஆபிரிக்கக் கரையிலுள்ள செனகல், 2014இல் ரமழானை ஒட்டி நீரிழிவுக்காரருக்குக் குறுஞ்செய்தி அனுப்பத் தொடங்கியது. சென்னையைச் சேர்ந்த டொக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் விளிம்பில் நின்ற 537 ஆண்களை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் உணவு, நடை பற்றிய குறுஞ்செய்திகளை இரண்டு ஆண்டு அனுப்பினார்கள். செய்தி பெற்றவர்களில் 18 வீதத்தினருக்கும் பெறாதவர்களில் 27 வீதத்தினருக்கும் நீரிழிவு வந்தது. 2013இல் வெளியான இந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன். மலிவான வழி என்பதற்காகவே.

இரத்தச் சீனி எண்களைக் குறித்து வைக்கும் செயலிக்கோ விரலிலிருந்து ஒரு துளி இரத்தம் வேண்டும். விரலில் குத்தினால் நோன்பு முறியாது என்பதே அறிஞர்களின் பரவலான கருத்து. அந்தத் துளியை வாங்கும் மீற்றர் ஸ்ட்ரிப்பின் நுனியில் இருப்பது நொதியம். பல ஸ்ட்ரிப்களில் அது பூஞ்சையிலிருந்து பெறப்பட்டது. அது குளுக்கோசிலிருந்து இலத்திரன்களைப் பறிக்க, அவை ஒரு நுண்ணிய மின்னோட்டமாக ஓடுகின்றன. மீற்றர் அதை அளந்து ஐந்தாறு செக்கனில் எண்ணாக்கி, புளூடூத் இருந்தால் போனுக்கும் அனுப்பிவிடும். 70க்குக் கீழே என்றால், மஃரிப் பாங்குக்கு ஐந்து நிமிடமே இருந்தாலும் நோன்பை விடவேண்டும். 300க்கு மேலே என்றாலும் அப்படித்தான். சர்வதேச நீரிழிவுச் சம்மேளனத்தின் ரமழான் வழிகாட்டி சொல்வது அது.

அந்த எண் சரியா என்பது செயலிக்குத் தெரியாது. களப்பின் ஈரக்காற்றில் ஸ்ட்ரிப் குப்பியைத் திறந்து போட்டால் நொதியம் கெடும். பேரீச்சம்பழத்தைப் பிய்த்த விரலில் அப்படியே குத்தினால், தோலில் ஒட்டிய இனிப்பும் துளியோடு சேர்ந்து கணக்கில் ஏறி, இல்லாத சீனியைக் காட்டும். ஸ்பிரிட் பஞ்சால் துடைத்தாலும் அது முழுதாகப் போவதில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவ வேண்டும். கழுவிய கையை நன்றாகத் துடைக்கவும் வேண்டும், ஈரம் துளியோடு கலந்தால் எண் இறங்கிவிடும்.