நாகேஷ்: சிரிப்புக்குள் ஓர் உழைப்பாளி

சங்க மலரில் விஞ்ஞானிகளைப் பற்றியும் தலைவர்களைப் பற்றியும் எத்தனையோ பேர் எழுதுகிறார்கள். நான் ஒரு சிரிப்பு நடிகரைப் பற்றி எழுதுகிறேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

நாகேஷ் 1933 செப்டம்பர் 27-ல் பிறந்தவர். தாராபுரத்துக்காரர். ஒல்லி உடம்பு, முகத்தில் அம்மைத் தழும்பு. நடிகன் என்றால் சிவப்பா, அழகா இருக்கணும் என்று நினைத்த காலம் அது. அவர் முதலில் பார்த்தது ரயில்வே குமாஸ்தா வேலைதான். அங்கே ஒரு நாடகத்தில் வயிற்றுவலிக்காரர் வேடம் கிடைத்தது. வந்து போகிற சின்ன வேடம். ஆனால் அவர் துடித்த துடிப்பில் சபையே சிரித்தது. விழாவுக்கு வந்திருந்த எம்.ஜி.ஆர். அவரைப் பாராட்டினார். பிறகு வேலையை விட்டுவிட்டு, கவிஞர் வாலியோடு ஒரே அறையில் தங்கி வாய்ப்புத் தேடினார். 1959-ல் ‘தாமரைக்குளம்’ படத்தில் நடித்தார்.

அவரைச் செதுக்கியது மேடை. கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். அவருடைய ‘சர்வர் சுந்தரம்’ 1964-லும் ‘எதிர்நீச்சல்’ 1968-லும் படமாக வந்தன. இரண்டிலும் நாகேஷ்தான் நாயகன். மேடையில் ‘இன்னொரு டேக்’ கிடையாது. ஒரு வசனம் அரை நொடி பிந்தினால் சிரிப்பு போச்சு. இன்ஜினில் வால்வு திறக்கிற நேரம் தப்பினால் வண்டி இழுக்காது என்று நாம் படிக்கிறோமே, அதே கணக்குத்தான்.

‘காதலிக்க நேரமில்லை’ (1964) படத்தில் அவர் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியைக் கவனித்துப் பாருங்கள். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. குரலை இறக்கி, நிறுத்தி, சட்டென்று ஒரு சத்தம் கொடுக்கிறார். எதிரே பாலையா முகம் வெளிறுகிறது. நாம் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். ‘திருவிளையாடல்’ (1965) தருமியும் அப்படித்தான். ஆயிரம் பொற்காசுக்காகப் புலம்பும் அந்த ஏழைப் புலவரைப் பார்த்துச் சிரிக்கிறோம். உள்ளே அவர் வறுமையும் உறைக்கிறது. ‘மகளிர் மட்டும்’ (1994) படத்தில் பிணமாக வந்தார், வசனமே இல்லை. அதே ஆண்டு ‘நம்மவர்’ படத்தில் மகளைப் பறிகொடுத்த தந்தையாக அழவைத்தார். அதற்குத்தான் தேசிய விருது. பத்ம விருது மட்டும் கடைசிவரை வரவில்லை. 2009 ஜனவரி 31-ல் காலமானார்.

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். எங்கப்பா ஓட்டல் சர்வர். எங்க குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்த முதல் ஆள் நான். இங்கே சேரும்போது பாரத்தில் ‘தந்தையின் தொழில்’ என்ற இடத்தில் ‘தனியார் வேலை’ என்று எழுதினேன். வெட்கம்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் ‘சர்வர் சுந்தரம்’ போட்டார்கள். நாகேஷ் டம்ளர்களை அடுக்கடுக்காகத் தூக்கிக்கொண்டு வருகிற காட்சி. எல்லோரும் சிரித்தோம். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. “கையைப் பாருடா. பாரத்தை உடம்போட சேத்துப் பிடிக்கிறான். வேலை பாத்துப் பழகினவன் பிடிக்கிற பிடிடா அது” என்றார். அன்றுதான் அப்பாவின் வேலையிலும் ஒரு வித்தை இருப்பது எனக்குத் தெரிந்தது. அதை நாகேஷ் எவ்வளவு கூர்ந்து பார்த்திருந்தால் அப்படி நடித்திருப்பார்!

‘எதிர்நீச்சல்’ மாது மாடிப்படிக்குக் கீழே தங்கி, குடித்தனக்காரர்களுக்கு எடுபிடி வேலை செய்துகொண்டே படிப்பான். நம்மிலும் மாதுக்கள் இருக்கிறார்கள். அவர்கள் தலை குனிய வேண்டியதில்லை.

போன மாதம் உதவித்தொகைப் பாரம் நிரப்பினேன். தந்தையின் தொழில்: ஓட்டல் சர்வர்.

– இரண்டாம் ஆண்டு மாணவன், மெக்கானிக்கல் பிரிவு