வயிற்றுவலி என்று சொல்லும் மாணவன்

மாணவன் வயிற்றுவலி என்று வந்தால், ‘காலையில் சாப்பிட்டாயா? வெளியே என்ன வாங்கித் தின்றாய்?’ என்றுதான் நாம் கேட்கிறோம். எங்கள் மஞ்சக்குப்பத்துப் பையன்கள் அடிவயிற்றுக்குக் கீழே வலித்தாலும், கூச்சத்தில் “வயிறு வலிக்குது சார்” என்றே சொல்வார்கள். அந்தக் கூச்சத்தால் மறைந்துபோகும் ஒரு குறைபாட்டை ஆசிரியர்கள் அறிந்திருப்பது நல்லது. அதுதான் விதை இறங்காமை.

பாடநூல் விந்தகம் என்று சொல்வதைத்தான் வீட்டில் விதை என்கிறோம். கருவில் இது வயிற்றுக்குள் சிறுநீரகத்துக்கு அருகே உருவாகி, பிறப்பதற்கு முந்தைய மாதங்களில் தொடை இடுக்கு வழியாக விதைப்பைக்கு இறங்குகிறது. விந்தணு உருவாக உடல் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குறைவான சூழல் தேவை. விதைப்பை அதைத் தருகிறது.

நிறைமாதத்தில் பிறக்கும் 100 ஆண் குழந்தைகளில் சுமார் 3 பேருக்கு ஒரு விதையாவது இறங்காமல் இருக்கும். குறைமாதக் குழந்தைகளில் இது இன்னும் அதிகம். பலருக்கு முதல் 6 மாதத்துக்குள் தானாக இறங்கிவிடும். அதற்குப் பிறகு இறங்குவது அரிது. எனவே 6 மாதத்தில் மருத்துவரிடம் காட்டி, 18 மாதத்துக்குள் அறுவை சிகிச்சையை முடிப்பதே முறை. ‘வளர்ந்தால் சரியாகிவிடும்’ என்று காத்திருக்கக் கூடாது. சிலருக்கு இறங்கிய விதை பள்ளி வயதில் மேலேறித் தங்கிவிடுவதும் உண்டு.

வலி இல்லாததால் இது பல ஆண்டுகள் கவனிக்கப்படாமல் போகலாம். பின்னாளில் குழந்தைப்பேறு பாதிக்கப்படலாம். குடலிறக்கமும் வரலாம். அரிதாக, வயிற்றுக்குள் தங்கிய விதை முறுக்கிக்கொள்ளும். அப்போது திடீரென அடிவயிற்றில் கடும் வலியும் வாந்தியும் வரும். பார்ப்பதற்குக் குடல்வால் அழற்சி போலவே இருக்கும். ஒரு பக்க விதைப்பை காலியாக இருப்பதே மருத்துவருக்குத் துப்பு. முறுக்கினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும் என்பதால், சில மணி நேரத்துக்குள் சிகிச்சை கிடைக்க வேண்டும். வயிற்றுக்குள் உள்ள விதையில் பின்னாளில் புற்றுக்கட்டி வந்தால் கைக்குத் தெரியாது. வயிற்றில் பெரிய கட்டியாக வளர்ந்த பிறகே தெரியவரும். பருவமடையும் முன் செய்யும் அறுவை சிகிச்சை இந்த ஆபத்தைக் குறைக்கிறது.

இதில் நம் பங்கு என்ன? மாணவனை நாம் சோதிக்கக் கூடாது. வகுப்பில் எல்லோர் முன்னும் கேட்கவும் கூடாது. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ், மருத்துவக் குழு ஆண்டுக்கு ஒரு முறை பள்ளிக்கும் இரு முறை அங்கன்வாடிக்கும் வருகிறது. அதற்கு முன் நடக்கும் பெற்றோர் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசலாம். பிள்ளையைக் குளிப்பாட்டும்போது இருபுறமும் விதை இருக்கிறதா என்று பார்க்கவும், சந்தேகம் இருந்தால் குழுவின் மருத்துவரிடம் தனியே சொல்லவும் கேட்டுக்கொள்ளலாம். கடலூர் அரசுத் தலைமை மருத்துவமனை, சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை நம் மாவட்டத்தார் எளிதில் போகக்கூடிய இடங்கள்.

கடும் வயிற்றுவலியோடு வாந்தியும் எடுக்கும் மாணவனுக்கு மாத்திரை கொடுத்து உட்கார வைக்காதீர்கள். பெற்றோரை அழையுங்கள். தேவையானால் 108ஐ அழையுங்கள். ‘விதைப்பையையும் பார்க்கச் சொல்லுங்கள்’ என்று அவன் தந்தையிடமோ தாயிடமோ தனியாகச் சொல்லி அனுப்புங்கள். அவன் வாய்விட்டுச் சொல்ல முடியாததை நாம் சொல்லிவிட்டால் போதும்.