இறந்த குழந்தையின் திசுவை ஆய்வுக்குக் கேட்டால் பெற்றோர் என்ன செய்வது?

 

தூத்துக்குடியிலோ காயல்பட்டினத்திலோ ஆத்தூரிலோ ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். ஏழாம் மாதத்திலேயே பிறந்த குழந்தை, இரண்டு நாள் இன்குபேட்டரில் இருந்துவிட்டு வஃபாத்தாகிவிட்டது. உம்மா மாடியில் பிரசவ வார்டில் படுத்திருக்கிறார். வாப்பா கீழே பில் கட்டும் இடத்தில் நிற்கிறார். கப்ரு தோண்ட மாமா ஆள் அனுப்பிவிட்டார். அந்த நேரத்தில் டாக்டர் ஒருவர் படிவத்தோடு வந்து, "குழந்தையின் நுரையீரலிலும் கல்லீரலிலும் இருந்து ஊசியால் கொஞ்சம் திசு எடுத்து ஆய்வுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார். வாப்பா நமக்குப் போன் போடுகிறார்: "ஹஜ்ரத், சரின்னு சொன்னா பாவமா? வேண்டாம்னு சொன்னா பாவமா?"

இந்தக் கேள்வி நம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே இதைப் பற்றித் தெரிந்து வைத்திருப்பது நல்லது. ஜனாஸா வீட்டில் நின்றுகொண்டு புதிதாக எதையும் கற்றுக்கொள்ள முடியாது.

மூன்றும் ஒன்றல்ல

முதலில் மூன்று விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, போலீஸ் விசாரணைக்கான போஸ்ட்மார்ட்டம். விபத்து, சந்தேக மரணம் போன்றவற்றில் சட்டப்படி நடப்பது. இதற்குக் குடும்பத்தின் சம்மதம் தேவையில்லை.

இரண்டு, உறுப்பு தானம். 2008-ல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த 15 வயது ஹிதேந்திரனின் உறுப்புகளை, டாக்டர்களான அவருடைய பெற்றோர் கொடுத்ததைத் தமிழ்நாடே அறியும். 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி, 18 வயதுக்குக் கீழே உள்ளவர் மூளைச்சாவு அடைந்தால் தாயோ தந்தையோ அனுமதி தரலாம். ஆனால் அந்தச் சட்டம் சிகிச்சைக்காக உறுப்பு எடுப்பதைப் பற்றியது.

மூன்று, ஆய்வுக்காகத் திசு கேட்பது. நம் கட்டுரை இதைப் பற்றித்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-ல் வெளியிட்ட நெறிமுறைகள் இதற்கு உண்டு. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். இறந்தவரின் உடலிலிருந்து எடுப்பதானால் நெருங்கிய உறவினரின் சம்மதம் வேண்டும்.

இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. உறுப்பு தானத்தில், அந்த இதயமோ சிறுநீரகமோ கிடைத்தால் பிழைக்கக்கூடிய ஒரு நோயாளி அன்றே காத்துக்கொண்டிருக்கிறார். ஆய்வில் அப்படி யாரும் இல்லை. பலன் பல வருடம் கழித்து வரலாம், வராமலும் போகலாம். ஃபிக்ஹின் மொழியில் சொன்னால், இது உயிர் காக்கும் 'ளரூரத்' அல்ல. பொது நன்மையை எதிர்பார்க்கும் 'மஸ்லஹத்'. ஆகவே "நீங்கள் தராவிட்டால் ஒரு உயிர் போய்விடும்" என்று பெற்றோரை நெருக்க யாருக்கும் உரிமை இல்லை.

ஏன் கேட்கிறார்கள்?

இந்தியாவில் 2020-ஆம் ஆண்டின் அரசுக் கணக்குப்படி, உயிரோடு பிறக்கும் 1000 குழந்தைகளில் 28 பேர் ஒரு வயதுக்குள் இறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டில் 13 பேர். ஏன் இறந்தது என்று கேட்டால் "குறைமாதம்", "மூச்சுத் திணறல்" என்பதோடு பல நேரம் பதில் முடிந்துவிடும். உண்மைக் காரணம் தெரிந்தால்தான் அடுத்த குழந்தையைக் காப்பாற்ற வழி தெரியும்.

இதற்காகத்தான் 2018 முதல் 2020 வரை கர்நாடகத்தின் தாவணகெரேயிலும் பாகிஸ்தானின் கராச்சியிலும் ஒரு கூட்டு ஆய்வு நடந்தது. இறந்தே பிறந்த குழந்தைகள், குறைமாதத்தில் பிறந்து இறந்த குழந்தைகள் ஆகியோரின் பெற்றோரிடம் அனுமதி கேட்டு, உடலைத் திறக்காமல் ஊசியால் சிறு சிறு திசு எடுத்தார்கள். 2015-ல் தொடங்கிய 'சாம்ப்ஸ்' என்ற பன்னாட்டுத் திட்டமும் இதே முறையைப் பின்பற்றுகிறது. முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் வங்காளதேசம், மாலி, சியரா லியோன் ஆகிய நாடுகளும் அதில் உண்டு. கிளெப்சியெல்லா போன்ற கிருமிகள் எத்தனை குழந்தைகளின் உயிரை எடுக்கின்றன என்பது இத்தகைய ஆய்வுகளால்தான் தெளிவாகத் தெரிய வந்தது.

நம் மாநிலத்திலும் இத்தகைய ஆய்வு உண்டு. சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், 'தரணி' என்ற கருமூளை வரைபடத்தை 2024 டிசம்பரில் வெளியிட்டது. நான்கு முதல் ஆறு மாதக் கருக்கள் ஐந்தின் மூளைகளிலிருந்து எடுத்த 5,132 மெல்லிய வெட்டுகள் அதில் இருக்கின்றன. அறிவியலுக்கு அது பெரிய சாதனை. அந்த ஐந்துக்கும் பின்னால் கையில் பிள்ளை இல்லாமல் வீடு திரும்பிய உம்மாக்கள் இருக்கிறார்கள் என்பதையும் நாம் மறக்கக் கூடாது.

கேட்காமல் எடுத்தால்?

இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஆல்டர் ஹே குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது. அங்கே 1988 முதல் 1995 வரை, போஸ்ட்மார்ட்டம் செய்யப்பட்ட குழந்தைகளின் உறுப்புகளைப் பெற்றோருக்குத் தெரியாமல் எடுத்து வைத்தார்கள். 2001 ஜனவரியில் விசாரணை அறிக்கை வந்தபோது உலகமே அதிர்ந்தது. சுமார் 850 குழந்தைகளின் பாகங்கள் 2,000-க்கும் மேற்பட்ட ஜாடிகளில் இருந்தன. ஒரு முறை அடக்கம் செய்த பிள்ளைக்கு, எஞ்சிய பாகங்கள் கிடைக்கக் கிடைக்க இரண்டாவது, மூன்றாவது முறை அடக்கம் நடத்திய பெற்றோர் உண்டு. "கேட்டிருந்தால் கொடுத்திருப்போமே" என்று சொன்ன பெற்றோரும் உண்டு. அதன் பிறகுதான் 2004-ல் அங்கே மனிதத் திசுச் சட்டம் வந்தது.

ஆகவே, கேட்பது தவறல்ல. கேட்காமல் எடுப்பதுதான் அநியாயம். 'இல்லை' என்று சொல்ல முடியாத விதத்தில் கேட்பதும் கேட்காமல் எடுப்பதற்குச் சமம்தான்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

மையித்தின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதைப் போன்றது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் ஹதீஸ் அபூதாவூதில் இருக்கிறது. மையித்தின் கண்ணியமே இங்கு அடிப்படை. ஆனாலும் தாய் இறந்து வயிற்றில் குழந்தை உயிரோடு இருந்தால், வயிற்றைக் கீறி அதைக் காப்பாற்ற வேண்டும் என்று நம் ஷாஃபிஈ இமாம்கள் எழுதியிருக்கிறார்கள். அதாவது, தக்க காரணம் இருக்கும்போது மட்டும் விதிவிலக்கு உண்டு.

1987-ல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹு கவுன்சில், குற்ற விசாரணை, நோயைக் கண்டறிதல், மருத்துவக் கல்வி ஆகியவற்றுக்காகப் பிரேதப் பரிசோதனை செய்யலாம் என்று தீர்மானித்தது. தேவைக்கு மேல் கை வைக்கக் கூடாது, எடுத்த பாகங்கள் அடக்கப்பட வேண்டும் போன்ற நிபந்தனைகளையும் விதித்தது. இதை ஏற்காமல் கூடாது என்று சொல்லும் உலமாக்களும் நம் நாட்டில் இருக்கிறார்கள். அந்தக் கருத்தைப் பின்பற்றி மறுக்கும் குடும்பத்தை யாரும் "படிக்காதவர்கள்" என்று ஏளனம் செய்யக் கூடாது. நிபந்தனைகளோடு சம்மதிக்கும் குடும்பத்தை "பிள்ளையை அறுக்கக் கொடுத்தார்கள்" என்று ஊர் பேசவும் கூடாது.

உம்மு சுலைம் (ரலி) அவர்கள் தம் பிள்ளை இறந்ததைக் கணவருக்கு எப்படிச் சொன்னார்கள் என்பது நமக்குத் தெரியும். இரவல் கொடுத்தவர் திருப்பிக் கேட்டால் மறுக்கலாமா என்று கேட்டுத்தான் சொன்னார்கள். பிள்ளை அமானத்து. அதன் உடலும் அமானத்து. அதற்கு விலை பேச முடியாது. அதற்குப் பதிலாகப் பணமோ பில்லில் தள்ளுபடியோ வாங்குவது அறவே கூடாது.

இன்னொரு மஸ்அலாவையும் இங்கே சொல்ல வேண்டும். உயிரின் அடையாளம் இல்லாமல் பிறந்த கரு நான்கு மாதத்தை எட்டியிருந்தால், நம் மத்ஹபின்படி குளிப்பாட்டி, கஃபனிட்டு அடக்க வேண்டும், தொழுகை இல்லை. நான்கு மாதத்துக்குக் குறைந்ததையும் துணியில் சுற்றி அடக்குவது சுன்னத். ஆனால் 2016-ஆம் ஆண்டின் மருத்துவக் கழிவு விதிகளில், பிழைக்கும் பருவத்தை எட்டாத கரு மஞ்சள் வகைக் கழிவுப் பட்டியலில் இருக்கிறது. ஆகவே "எங்கள் கையில் கொடுங்கள், நாங்கள் அடக்கிக்கொள்கிறோம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

உம்மாவைக் கேட்டீர்களா?

நம் வீடுகளில் ஒரு குறை உண்டு. உம்மா மயக்கத்தில் இருப்பார்; வாப்பாவோ மாமாவோ பெரியவர்களோ கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். பல மாதம் கழித்து அவருக்குத் தெரிய வரும். பால்குடியை முன்கூட்டியே மறக்கடிப்பதற்கே தாயும் தந்தையும் கலந்து பேசி, இருவரும் மனம் ஒப்ப வேண்டும் என்று அல்பகரா சூராவில் அல்லாஹ் சொல்கிறான். பாலை நிறுத்துவதற்கே மஷூரா வேண்டுமென்றால், பிள்ளையின் உடலிலிருந்து ஒன்றை எடுப்பதற்கு வேண்டாமா? அவருக்குத் தெளிவு வரும்வரை காத்திருக்க முடியவில்லை என்றால், "வேண்டாம்" என்று சொல்லிவிடுவதே நல்லது என்பது நம் கருத்து.

கேட்பவர்களும் இதை யோசிக்க வேண்டும். சிகிச்சை கொடுத்த டாக்டரே கேட்டால், அவரிடம் மறுக்க மக்களுக்குக் கூச்சம் வரும். பயிற்சி பெற்ற வேறொருவர், தனி இடத்தில் உட்கார வைத்து, தமிழில் கேட்க வேண்டும். ஜனாஸாவைத் தாமதப்படுத்தக் கூடாது என்பது நமக்கு எவ்வளவு முக்கியம் என்பதையும் அவர்கள் தெரிந்திருக்க வேண்டும்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை:

1. எதை, எவ்வளவு எடுப்பீர்கள்? ஊசியாலா, உடலைத் திறந்தா?
2. எவ்வளவு நேரம் ஆகும்? இன்றே அடக்க முடியுமா?
3. இந்த ஒரு ஆய்வுக்கு மட்டுமா, பிற்காலத்தில் வேறு ஆய்வுகளுக்குமா? இதற்கு மட்டும் என்று நாங்கள் வரம்பு வைக்கலாமா?
4. வேறு ஊருக்கோ நாட்டுக்கோ, கம்பெனிக்கோ போகுமா?
5. மீதமாகும் திசுவை அடக்கம் செய்யத் திருப்பித் தருவீர்களா?
6. இறந்த காரணம் தெரிந்தால் எங்களுக்குச் சொல்வீர்களா?
7. பிறகு மனம் மாறினால் யாரிடம் சொல்வது?

இவற்றுக்குத் தெளிவான பதில் இல்லையென்றால் கையெழுத்துப் போட வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. படிவத்தின் நகலையும் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, நம்மைப் போன்ற ஆலிம்களுக்கு: போனில் கேட்பவர் முடிப்பதற்குள் "ஹராம்" என்றோ "தாராளமா கொடுங்க" என்றோ சொல்லிவிடுவது சுலபம். அந்த வார்த்தையைத்தான் ஒரு தாய் ஆயுள் முழுக்கச் சுமப்பார். என்ன கேட்டார்கள், உம்மாவுக்குத் தெரியுமா என்று முதலில் விசாரிப்போம்.

நாம் தொடங்கிய இடத்தில் அந்த வாப்பா கேட்டதற்கு நம் பதில் இதுதான்: உம்மாவும் நீங்களும் மனம் ஒப்பி, கண்ணியம் கெடாது என்று உறுதி செய்துகொண்டு, பிறருக்கு நன்மை என்ற நிய்யத்தில் சரி என்றால் குற்றமாக நாம் காணவில்லை. மனம் ஒப்பவில்லை, வேண்டாம் என்றால் அதிலும் பாவம் இல்லை. பிள்ளையை இழந்த எந்தப் பெற்றோரும் யாருக்கும் கடன்பட்டவர்கள் அல்லர்.

தம் மகன் இப்ராஹீமை அடக்கிய நாளில் நபி (ஸல்) அவர்களின் கண்களும் கண்ணீர் சிந்தின. பிள்ளைகளை இழந்த நம் உம்மா வாப்பாக்களுக்கு அல்லாஹ் அழகிய பொறுமையைத் தந்து, அந்தப் பிள்ளைகளையே அவர்களுக்குச் சுவனத்தின் வாசலாக ஆக்குவானாக. ஆமீன்.